நான்கு மடிப்பு

"அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்லணும். போன் போட்டது நீங்களா?"

சந்தனமேரி மாடிப்படியின் அடியில் நின்று கேட்டாள். ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டர் வேலை முடிந்து, காலி டிபன் கேரியரோடு நான் அப்போதுதான் வந்திருந்தேன். ஐப்பசி மழை விட்டிருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் ஈரக் குடையை மடக்கி ஓரமாகச் சாய்த்தேன். அந்தச் சிறு தாமதத்தைக்கூட அவள் கணக்கில் எடுத்துக்கொண்டாள் என்று தெரிந்தது.

"எந்த போன்மா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. நேத்து குழந்தைகள் நல ஆபீஸ்லருந்து ஆள் வந்ததை மாடியில நின்னு பாத்துட்டுத்தான இருந்தீங்க?"

பார்த்தேன்தான். ஒரு பெண் அதிகாரியும் கூட ஒருவரும் ஜீப்பில் வந்தார்கள். கீழ் வீட்டுக்குள் போனார்கள், வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்கள். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் அடைத்து, பேண்டேஜ் துணி மடிக்க வைக்கிறார்கள் என்று யாரோ குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் வந்த நேரத்தில் சந்தனமேரியின் மகள் ஜூடி தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டுதான் இருந்தாள். சாட்சி வேறு வேண்டுமா?

"நான் போடலைமா" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். நம்பவில்லை. "வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரச் சொல்லியிருக்காவ. பிள்ளை படிக்குதா, வேலை பாக்குதான்னு அவிய முடிவு பண்ணுவாகளாம். படிக்கலைன்னு தெரிஞ்சா ஹோமுக்கு அனுப்பிருவோம்னுட்டுப் போறாவ." குரல் அந்த இடத்தில் மட்டும் இறங்கியது. "நீங்க போடலைன்னா எங்ககூட வந்து சாட்சி சொல்லுங்க. தினமும் மேலருந்து கேட்டிருக்கீங்கல்லா, அவ படிக்கிறதை?"

வருகிறேன் என்று சொன்னேன். வரமாட்டேன் என்றால் போன் போட்டது நான்தான் என்று ஆகிவிடும்.

கேட்டது உண்மை. இரண்டு வருஷமாகக் கேட்கிறேன். இராஜபாளையத்தில் இந்தத் தெரு விடிவது தறிச் சத்தத்தில். அதற்கடியில், என் சமையலறைத் தரைக்குக் கீழே, ஒரு சிறுமியின் குரல் ஓடும்.

"தாமிரபரணி. பொதிகை மலை. நெல்லை, தூத்துக்குடி. புன்னைக்காயலில் கடல்."

"வைகை. வருசநாட்டு மலை. தேனி, மதுரை. ராமநாதபுரம் பெரிய கண்மாய்."

ஆறுகள் முடிந்தால் மலைகள். மலைகள் முடிந்தால் போர்கள், ஒப்பந்தங்கள், மன்னர்கள். வெள்ளிக்கிழமை அந்த வாரத்துப் பாடம் மட்டுமல்ல, வருஷ ஆரம்பத்திலிருந்து படித்தது எல்லாமே திரும்ப வரும். 'திருப்புதல்' என்பாள் சந்தனமேரி. கல்யாணத்துக்கு முன் மம்சாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் வரலாறு, புவியியல் எடுத்தவள். பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கும் தாய்மார்களை மொபைலில் பார்த்திருக்கிறாள். முதல் சில வருஷம் மனப்பாடம், காரணகாரியம் பொறவு, பேச்சும் வாதமும் அதற்கும் பொறவு. அதுதான் பழைய காலத்துப் படிப்பு என்று ஒருமுறை படியில் நின்று எனக்கே விளக்கினாள். "மனசுல சரக்கு இருந்தாத்தான அண்ணாச்சி பொறவு யோசிக்கவே முடியும்?"

ஆனால் அவள் ஜூடியைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது அதற்காக இல்லை.

ஜூடிக்குத் திக்கும். சாதாரணத் திக்கல் இல்லை. முதல் எழுத்திலேயே கழுத்து நரம்பு புடைத்து, கண் செருகி, வார்த்தை வெளியே வராமல் நின்றுவிடும். மூன்றாம் வகுப்பில் வருகைப் பதிவின்போது 'உள்ளேன்' என்று சொல்ல முடியாமல் அவள் நிற்க, வகுப்பே சேர்ந்து அவளுக்காகச் சொல்லும். சிரித்துக்கொண்டே சொல்லும். ஒருநாள் பாவாடை நனைந்து வீட்டுக்கு வந்தாள். பாத்ரூம் போக அனுமதி கேட்க வாய் வரவில்லை. அன்றோடு சந்தனமேரி அனுப்பவில்லை.

துணி எப்படி வந்தது என்பதையும் அவளே சொன்னாள். அவள் கணவன் பால்துரை சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் தறி பழுது பார்க்கும் ஃபிட்டர். அதே கம்பெனியிலிருந்து புண்ணுக்கு வைத்துக் கட்ட வெட்டிய மெல்லிய காஸ் துணி வீட்டுக்கு வரும், அவள் மடித்துக் கொடுப்பாள். இடது ஓரம் உள்ளே, வலது ஓரம் உள்ளே, குறுக்கே பாதி, மறுபடி பாதி. நான்கு மடிப்பில் உள்ளங்கை அளவுக்கு வந்துவிடும். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற சாமான். ஒருநாள் ஜூடி பக்கத்தில் உட்கார்ந்து விளையாட்டாக ஒன்றை மடித்தாள். மடித்துக்கொண்டே, "அம்மா, தண்ணி வேணும்" என்றாள். திக்காமல்.

"எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு அண்ணாச்சி. இன்னொரு துண்டைக் கையில குடுத்து, இன்னொருக்கச் சொல்லுட்டின்னேன். சொன்னா."

அன்றிலிருந்து பாடத்தை நான்காக வெட்டினாள். முதல் மடிப்பில் பெயர். இரண்டாவதில் பிறந்த இடம் அல்லது வருஷம். மூன்றாவதில் வழி அல்லது ஆட்கள். கடைசி மடிப்பில் முடிவு. ஆறோ, போரோ, அரசனோ, எல்லாம் நான்கு மடிப்புக்குள் அடங்கியது.

அந்த வாரம் முழுக்கக் கீழ்வீட்டில் வேறு மாதிரி சத்தம். யார் சொன்னது, யார் சொன்னது.

முதல் சந்தேகம் என்மேல். அடுத்தது எதிர்வீட்டுச் சுடலைமாடத்திமேல். அவளும் காஸ் மடிக்கிறவள்தான். குழாயடியில் சந்தனமேரி அவளுக்கு முன்னால் குடத்தை வைத்து வழியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வீட்டுக்கு வார கட்டு பெருசா இருக்குன்னு குடோன்ல நீ கேட்டியாமே?"

"ஆமா, கேட்டேன். கேக்கக் கூடாதா? ஒத்த ஆளு அம்புட்டுத் துணியை எப்படிட்டி மடிப்பன்னு கேட்டேன். எனக்கும் ரெண்டு கைதான இருக்கு?"

"அதான் போன் போட்டுட்ட."

"ஏட்டி மேரி, எம் பேரனை நீதான வாய்ப்பாடு சொல்ல வச்ச? உம் பிள்ளையைப் பிடிச்சுக் குடுத்து நான் என்னத்தை வாரிக் கட்டப்போறேன்?" சுடலைமாடத்தி குடத்தைக் காலால் நகர்த்தினாள். "தள்ளு. தண்ணி நின்னுரும். போலீஸ் வேலையைப் பொறவு பாரு."

பால்துரை எல்லோரையும்விட அதிகமாகக் கத்தினான். பைக்கை நிறுத்தும்போதே தெருவுக்குக் கேட்கும்படி ஆரம்பிப்பான். "எவன்னு மட்டும் தெரியட்டும். அறுத்துருவேன். எம் பிள்ளை என்ன ரோட்டுல கெடக்கா?" பிறகு உள்ளே போய், விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருப்பான். கத்தலுக்கும் உட்காருவதற்கும் நடுவில் ஏதோ ஒன்று பொருந்தாமல் இருப்பதாக எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த வாரம் எனக்கு எல்லாமே அப்படித்தான் தோன்றியது. பால்காரர் மணியடித்துவிட்டுச் சற்று நேரம் கூடுதலாக நின்றால்கூட ஏன் நிற்கிறார் என்று பார்த்தேன். சந்தேகம் தெருவில் ஈரம்போல ஏறியிருந்தது. காஸ் கட்டுகளைப் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி வைத்தாலும் அடியில் நமுத்துப்போகும் காலம் அது.

புதன்கிழமை மாலை சந்தனமேரி துணி இல்லாமல் திருப்புதல் நடத்திப் பார்த்தாள். நான் மாடிக் கைப்பிடியில் காய்ந்த துண்டை எடுக்க வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

"ஆபீஸ்ல துணி இருக்காதுட்டி. சும்மா சொல்லு. தாமிரபரணி."

சத்தமில்லை.

"ஜெபமாலை சொல்லுற மாதிரி சொல்லு. நான் பாதி சொல்லுதேன், நீ பாதி. தாமிரபரணி..."

"பொ... பொ..."

"கையைத் தட்டிக்கிட்டே சொல்லு."

கை தட்டும் சத்தம் கேட்டது. தட்டிக்கொண்டே இருந்தது. வார்த்தை வரவில்லை. ஸ்பூனால் தட்டச் சொன்னாள். கால் விரலைத் தரையில் அழுத்தச் சொன்னாள். கடைசியில் பால்துரை சொன்னான்: "விடு மேரி. விட்டுரு."

"விட்டா ஹோமுக்கு அனுப்பிருவாவ. உங்களுக்கு என்ன, காலையில தறிக்குப் போயிருவீங்க."

கொஞ்ச நேரம் கழித்துத் துணியைப் பிரிக்கும் மெல்லிய சத்தம். உடனே, தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி: "தாமிரபரணி. பொதிகை மலை. நெல்லை, தூத்துக்குடி. புன்னைக்காயலில் கடல்."

ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் நால்வரும் போனோம். வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பால்துரை நின்றான். மழை கழுவிய மலை இடது பக்கம் கூடவே வந்தது. ஜூடி ஜன்னலோரம். நீலச் சுடிதார், எண்ணெய் வைத்து இறுகப் பின்னிய தலை. சந்தனமேரி அவள் காதில் ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள், பாடமா ஜெபமா என்று தெரியவில்லை. கோபுரம் கண்ணில் பட்டதும் முணுமுணுப்பு நின்றது.

அலுவலகத்தில் ஒரு நீள மேஜை. அதிகாரி செல்வலட்சுமிக்கு ஐம்பது வயது இருக்கும். கொடுமைக்காரி மாதிரி தெரியவில்லை. எங்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். என்னை முதலில் கேட்டார். பிள்ளை தினமும் படிப்பதைக் கேட்கிறேன் என்றேன்.

"பாத்திருக்கீங்களா சார், கேட்டிருக்கீங்களா?"

"கேட்டிருக்கேன்."

"கை என்ன செஞ்சிக்கிட்டு இருந்துச்சுன்னு தெரியாது?"

தெரியும். ஆனால் மாடியிலிருந்து பார்க்க முடியாதே. "தெரியாது" என்றேன். என் சாட்சி அவ்வளவுதான்.

பிறகு சந்தனமேரியைப் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜூடியைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார். "பயப்படாதம்மா. வைகை ஆறு எங்கேருந்து வருது? தெரிஞ்சதைச் சொல்லு."

ஜூடி வாயைத் திறந்தாள். கழுத்து புடைத்தது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவ்வளவு பேரும் ஒரு எழுத்துக்காகக் காத்திருந்தோம். வரவில்லை.

"வேற கேக்கவா? பாபர் யாரு?"

இல்லை. அறையின் மூலையில் நின்ற உதவியாளர் அதிகாரியைப் பார்த்தார். இரண்டு வருஷம் வீட்டில் படித்த பிள்ளைக்கு வைகை தெரியவில்லை. அந்தப் பார்வையை சந்தனமேரியும் பார்த்துவிட்டாள்.

அப்போதுதான் செல்வலட்சுமி பால்துரையிடம் கேட்டார், சாதாரணமாக: "பிள்ளை தூக்கத்துலகூடப் போர்வை ஓரத்தைப் பிடிச்சு மடிச்சிக்கிட்டே இருக்குமாமே? உண்மையா?"

பால்துரை தரையைப் பார்த்தான். சந்தனமேரி மெல்லத் தலையைத் திருப்பிக் கணவனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எங்கள் மாடிக்குப் போர்வை தெரியாது. எதிர்வீட்டுக்கும் தெரியாது. அந்த வீட்டுக்குள் படுக்கிறவர்களில் ஒருவருக்குத்தான் தெரியும். அவள் உதடு வெளுத்திருந்தது.

அந்த நேரத்தில் ஜூடியின் விரல்கள் துப்பட்டாவின் நுனியைத் தேடி எடுத்தன.

இடது ஓரம் உள்ளே. "வைகை."

வலது ஓரம் உள்ளே. "வருசநாட்டு மலை."

குறுக்கே பாதி. "தேனி, மதுரை."

மறுபடி பாதி. "ராமநாதபுரம் பெரிய கண்மாய்."

உதறிவிட்டு மறுபடி எடுத்தாள். "முதலாம் பானிபட். ஆயிரத்து ஐநூற்று இருபத்தாறு. பாபர், இப்ராகிம் லோடி. டெல்லியில் முகலாயர் ஆட்சி." கேட்காததெல்லாம் வந்தது. வாஸ்கோட காமா வந்து இறங்கினார். கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கில் தொங்கினார். குரல் தெளிவாக, சற்று உயர்ந்து, கோயிலில் வாசகம் வாசிக்கிற மாதிரி. அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். காப்பாற்றிவிட்டேன் என்கிற மாதிரி.

ஆனால் செல்வலட்சுமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யம்மா, கை எம்புட்டு வேகம்!" என்றார் உதவியாளர், தன்னை அறியாமல்.

சந்தனமேரி எழுந்துபோய் மகளின் இரண்டு கைகளையும் தன் கையால் மூடினாள். "பிளாசி. ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தே..." என்று வந்தது அங்கேயே நின்றது.

"கையை ஏன்மா பிடிக்கிறீங்க? நல்லாத்தான் சொல்லுது" என்றார் செல்வலட்சுமி.

"அவளுக்குப் பேச்சு வாரதுக்காகத்தான் மேடம் துணி குடுத்தேன். சத்தியமா. வேலைக்காக இல்லை. மாதா மேல ஆணையா."

"நம்புறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பேச்சுக்காகன்னா வீட்டுல கெடக்குற பழைய துணி ஒண்ணைக் குடுத்திருக்கலாமே. கம்பெனித் துணி எதுக்கு?"

சந்தனமேரி வாயைத் திறந்தாள். சற்றுமுன் மகள் திறந்த மாதிரியே. அவளுக்கும் வரவில்லை.

வழக்கு எதுவும் போடவில்லை. ஹோமும் இல்லை. திங்கட்கிழமை முதல் பக்கத்து அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி. வீட்டுக்குள் கம்பெனித் துணி வரவே கூடாது, வந்து பார்ப்போம். திக்குகிற பிள்ளையை அவசரப்படுத்தக் கூடாது என்று பள்ளிக்குத் தானே சொல்லுவதாகச் செல்வலட்சுமி சொன்னார். சொல்லுவார் என்றுதான் தோன்றியது. சந்தனமேரிக்கு அப்படித் தோன்றியதா தெரியாது.

பஸ் ஸ்டாண்டில் பால்துரை பால்கோவா வாங்கி வந்து மகளிடம் கொடுத்தான். மனைவியிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"எவன் சொன்னான்னு தெரியாம..." என்று அவன் ஆரம்பித்தான். பழக்கம்.

"போதும்" என்றாள். "தெருவுல ஒரு ஆளை விடாம எல்லாரையும் கேட்டுட்டேன். குழாயடியில ஒருத்தி மானத்தை வாங்கினேன். இந்தா நிக்காவளே அண்ணாச்சி, இவியளைக் கேட்டேன். எம் பக்கத்துல படுத்திருக்க ஆளை மட்டும் கேக்கலை."

நான் விலகிப் போக நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் எங்கே போவது? கடை ஓரம் வரைதான் போக முடிந்தது. கேட்டது.

"குடோன்ல கட்டு எண்ணி வாங்குற சோலைச்சாமி அண்ணன் ஒரு கட்டைத் தூக்கிக் காட்டினாரு" என்றான் பால்துரை. "ஓரம் பிசிறாம இருக்கு பாருங்கடே, பால்துரை மவ மடிச்சது, இந்த மாதிரி கை கிடைக்காதுன்னாரு. எல்லாரும் சிரிச்சானுவ. நானும் சிரிச்சேன் மேரி. பொறவு வீட்டுக்கு வந்து பாத்தா, தூக்கத்துல மடிச்சிக்கிட்டு கெடக்கா."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"எத்தனை வாட்டி சொன்னேன்? பேச்சு வருதுல்லா, பேச்சு வருதுல்லான்னு என் வாயை அடைச்ச. வருதுதான். நான் என்னத்தைச் சொல்ல?"

பஸ் வந்தது. கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் ஜூடி உட்கார்ந்தாள். பால்கோவா தாளைப் பிரித்தாள், தின்று முடித்ததும் தாளை மடிக்கத் தொடங்கினாள். இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்து, நிறுத்தி, கைக்குள் கசக்கிக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கம்பெனி வேன் வந்து மடித்தது, மடிக்காதது எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. சுடலைமாடத்தி எதிர்வாசலில் நின்று பார்த்தாள். வேன் போனதும் தெருவைக் கடந்து வந்து, ஒரு கிண்ணத்தில் அவித்த நிலக்கடலையை வாசற்படியில் வைத்துவிட்டு, "பிள்ளைக்கு. உனக்கில்லை" என்று சொல்லிப் போனாள்.

நான் பகல் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன். தறிச் சத்தம் மட்டும் கேட்டது. தரைக்குக் கீழே ஒன்றுமில்லை. இரண்டு வருஷத்தில் திருப்புதல் இல்லாத முதல் வெள்ளிக்கிழமை. அந்தச் சத்தமின்மையை என்னால் வெகுநேரம் தாங்க முடியவில்லை. வாடகை வீட்டில் இருப்பவனுக்கு எது சொந்தம் என்று சொல்ல முடியாது. வேறொருவர் வீட்டு ஆறுகளும் போர்களும் எனக்குப் பழகியிருந்தன.

சாயந்திரம் துணி கிழியும் சத்தம் கேட்டது. படியில் இறங்கிப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. சந்தனமேரி பால்துரையின் பழைய வேட்டி ஒன்றைச் சதுரம் சதுரமாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். பால்துரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தான். இருவரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. துணியை இழுத்துப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும், அவ்வளவுதான்.

"உக்காரு ஜூடி" என்றாள். "இது நம்ம துணி. சொல்லு."

ஜூடி எடுத்தாள். விரலுக்குப் பழகாத துணி. முதல் மடிப்பில் தயங்கினாள். பிறகு வந்தது. தாமிரபரணி வந்தது, வைகை வந்தது. பாதியில் நின்ற பிளாசி வந்து, சிராஜ் உத் தௌலா தோற்று முடிந்தார். மடித்ததை அவள் கீழே வைக்க, சந்தனமேரி ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் சேர்த்து அடுக்கினாள். அடுக்கு உயர்ந்ததும், பக்கத்தில் கிடந்த சணல் நூலை எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, இறுக்கி, முடிச்சுப் போட்டாள். கட்டைச் சுவரோரம், வழக்கமாக வேனுக்குக் கட்டுகள் வைக்கும் இடத்தில் தள்ளி வைத்தாள்.

பால்துரை அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அடுத்த அடுக்குக்குக் கை நீட்டினாள். கை பாதியில் நின்றது. திரும்பிச் சுவரோரத்தைப் பார்த்தாள். புருஷன் வேட்டி, தன் வீடு, யாருக்கும் போகவேண்டாத கட்டு. அதை முடிச்சுப் போட்டது தன் கை என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்த மாதிரி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள். ஜூடி சொல்லிக்கொண்டே போனாள். அவள் குரலைத் தவிர அந்த வீட்டில் வேறு சத்தம் இல்லை.

சந்தனமேரி கட்டை இழுத்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். ஒவ்வொரு துண்டாக எடுத்து உதறிப் பிரித்து, கசங்கலாக மகளின் மடியில் போட்டாள்.

ஜூடி நிறுத்தினாள். கையில் துணி இல்லாத நேரம். கழுத்து புடைத்தது. "ம... ம... மடிச்சதைப் பி... பிரிச்சிட்டியேம்மா?"

யாரும் அவளுக்காக முடித்து வைக்கவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"ஆமாட்டி" என்றாள் சந்தனமேரி. "முதல்லருந்து சொல்லு."